எஸ்.எல்.ஆர். அண்ணை போட்ட புள்ளிகள்

இந்த ஆஸ்திரேலியா முழுக்கத் தேடினாலும் துவக்கைப் பற்றி, அதுதான் துப்பாக்கியைப் பற்றி, கருத்துச் சொல்ல எஸ்.எல்.ஆர். அண்ணையை விட்டால் வேறு ஆள் கிடையாது. பெர்த்திலிருந்து பிரிஸ்பேன் வரைக்கும் சவால் விடுகிறேன். அவரிடம் துவக்கு இல்லை. லைசென்ஸ் இல்லை. வாங்குகிற எண்ணமும் இல்லை. புதுவருஷத்துக்கு ஊரே வாணவேடிக்கை பார்க்கப் போனால், இவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு காதுக்குள்ளும் பஞ்சை அடைத்துக்கொள்கிற ஆள். ஆனால் வாயைத் திறந்தால் துவக்கு.

சிட்னியில் லிட்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் அறை வாடகைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கதவைத் திறந்தவர் இவர்தான். சாரம், கம்பளிச் சட்டை, தலையில் மங்கி கேப். என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் இன்னொரு யாழ்ப்பாணத்து ஆளிடம் ஊரைக் கேட்கவில்லை என்றால் விஷயம் பாரதூரம் என்று நான் அப்போதே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"தம்பி, ஒரு கேள்வி. நீங்கள் ஒரு செமி ஓட்டோமெட்டிக் வாங்கிறதெண்டால், பழசு வாங்குவியளோ, புதுசு வாங்குவியளோ?"

"வோஷிங் மெஷினோ அண்ணை?"

"துவக்கு."

"அண்ணை, நான் இப்ப ஒரு கட்டில் வாங்கத்தான் யோசிக்கிறன்."

"கட்டில் பேந்து பாப்பம். இதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

நான் பயத்தில் "பழசு" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அறை எனக்குத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவாகியது.

வாசகர்களில் துவக்கே தெரியாத நல்லவர்கள் பலர் இருப்பீர்கள். செமி ஓட்டோமெட்டிக் என்றால், விசையை ஒருதரம் அழுத்த ஒரு வெடி. அடுத்த ரவையை, அதாவது குண்டை, துவக்கே தனக்குள் ஏற்றிக்கொள்ளும். அவ்வளவுதான். இந்த நாட்டில் சாதாரண மனிதர் அதை வைத்திருக்க முடியாது. காட்டுப் பன்றி, காட்டு ஆடு சுடுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் போன்ற சிலருக்குத்தான், ஆயிரம் நிபந்தனையோடு, அனுமதி. இந்தச் சட்டம் முழுவதும் அண்ணைக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் அவருடைய எல்லாப் பேச்சும் "வாங்கிறதெண்டால்" என்று தொடங்கும். எஸ்.எல்.ஆர். என்பது ஒரு பழைய இராணுவத் துவக்கின் பெயர். நீளம், பாரம், மரப்பிடி. இங்கத்தைய இராணுவமும் ஒரு காலத்தில் அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்ததாம். அண்ணைக்கு அதில் கொள்ளைப் பிரியம். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. வீட்டுக்குக் கடிதம் கொண்டுவருகிறவருக்கும்கூட அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் சேகர். மதுரைக்காரன். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு உணவகத்தில் தோசை மாஸ்டர். வேலை முடிந்து வந்தால் கணினியில் சுடுகிற விளையாட்டு விளையாடுவான். வீட்டுக்குள்ளேயே ஒரு துவக்கு நிபுணர் இருக்கும்போது அறிவுரை கேட்காமல் விடுவானா?

"அண்ணே, இதுல எதை எடுக்கட்டும்? இந்த கருப்பா பிளாஸ்டிக்ல இருக்கே, அதா? இல்ல அந்த மரக்கட்டை மாதிரி இருக்கே, அதா?"

"மரம் எடு தம்பி. யோசிக்காமல் எடு."

சேகர் மரத்தை எடுத்தான். விளையாட்டுத் தொடங்கி அவன் கதிரையில் சரியாகச் சாய்ந்து உட்காருவதற்குள் செத்துப்போனான்.

"அண்ணே, செத்துட்டேன்!"

"நல்லது."

"என்னண்ணே நல்லது? இது குண்டு போடவே மாட்டேங்குது. தூக்கிக் குறி வைக்கிறதுக்குள்ள அவன் என்னை நாலு தடவ சுட்டுட்டான்."

"ஓம், அதுதான் அதின்ர சிறப்பு."

ஒரு வாரம் அண்ணையின் சொற்கேட்டு விளையாடிச் செத்துச் செத்தே சேகர் மெலிந்துவிட்டான்.

அண்ணை ஒவ்வொரு துவக்குக்கும் புள்ளி, அதாவது மதிப்பெண், போடுகிற முறையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பழைய சாமான் கடையில் துவக்குச் சஞ்சிகைகளை அள்ளிக்கொண்டு வருவார். குசினிக்குள் சாப்பாட்டு மேசையில் விரித்து வைப்பார். யூடியூபில் யாரோ ஒரு தாடிக்காரன் துவக்கைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பான். சத்தத்தை நுளம்பு பாடுகிற அளவுக்குக் குறைத்துவிட்டுப் பார்ப்பார். பிறகு பத்துக்கு இத்தனை என்று தீர்ப்பு. துவக்கு பாரமோ? புள்ளி கூட. நீளமோ? இன்னும் கூட. சுடும்போது தோளில் இடிக்குமோ? அப்படியென்றால் அருமையான சாமான். மண் போனால் இறுகி நின்றுவிடுமோ? அண்ணை எழும்பி நின்று கைதட்டாத குறை.

புதியவற்றைக் கண்டால் முகம் கறுத்துவிடும். "பாருங்கோ தம்பி, இது முழுக்கப் பிளாஸ்டிக். பாரமே இல்லை. மேல கம்பி கம்பியாப் போட்டிருக்கிறான், டோர்ச் பூட்டலாம், கண்ணாடி பூட்டலாம். குளியலறையில துவாய் கொழுவுற கம்பி மாதிரி. பின்பிடியை இழுத்தால் நீளும், தள்ளினால் கட்டை. பெரிய ஆளுக்கும் அளவு, சின்னப்பிள்ளைக்கும் அளவு. இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்போ? முட்டை."

"அண்ணை, உலகம் முழுக்க இதைத்தானே நல்லதெண்டு சொல்லுது? பாரம் குறைவு, குறி தப்பாது, இறுகாது."

"உலகத்துக்கு விசர்."

எனக்கு மண்டை காய்ந்தது. நான் இயல்பிலேயே பொறுமை இல்லாதவன். ஒரு மனிதர் எல்லாக் குறையையும் குணமென்றும், எல்லாக் குணத்தையும் குறையென்றும் சொல்லிக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்குத்தான் கேட்டுக்கொண்டு தேங்காய் திருவுவது? ஆனால் கோபத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. இந்த ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஊருக்கும் அதே கேள்விதான். ஹோம்புஷில் ஒரு கலியாணவீட்டில், மாப்பிள்ளையின் தகப்பனைப் பிடித்து அண்ணை எஸ்.எல்.ஆரின் மரப்பிடியைப் பற்றி விளக்கத் தொடங்க, அந்த மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுத் தட்டோடு எழும்பிப் போனார்கள். ஒரு அன்ரி என்னை மறித்துக் காதுக்குள் கேட்டார்: "தம்பி, உந்த மனுசன் இயக்கத்தில இருந்தவரே?" பக்கத்தில் நின்ற அங்கிள், "சீ, ஆமிக்கு வேலை செய்தவராம்," என்றார். இன்னொருவர் துவக்கு வியாபாரம் என்றார். இதில் எது உண்மையாக இருந்தாலும் அண்ணைக்கு ஆபத்து. ஏனென்றால் அவர் வள்ளத்தில் அகதியாக வந்தவர்.

வந்த நாளிலிருந்து தற்காலிக விசா. அது முடிய இன்னொரு தற்காலிக விசா. மனைவி வசந்தி அக்காவும் ஒரே மகளும் வவுனியாவில். நிரந்தர விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அதற்குள் மகள் வளர்ந்துகொண்டே போகிறாள். பிள்ளை என்று சொல்லிக் கூப்பிடக்கூடிய வயதை அவள் தாண்டிவிட்டால் பிறகு தாய் மட்டும்தான் வரலாம். இங்கே வந்த பிறகு அண்ணை தகப்பனாக இருந்ததெல்லாம் கைபேசித் திரைக்குள்தான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எல்லாரும் கேக் வெட்டிச் சிரிப்பார்கள். இவர் வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்துவிட்டு, இன்னுமொரு வயது போய்விட்டதே என்று சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த நாளில் மட்டும் துவக்குக் கதை இராது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நானே ஏதாவது ஒரு துவக்கைப் பற்றிக் கேட்டுத் தொலைப்பேன்.

கடைசியில் ஒரு வழி திறந்தது. அண்ணையைப் போன்றவர்கள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். வேண்டிய பத்திரங்கள் எல்லாவற்றையும் அனுப்பினோம். நற்சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அண்ணை தான் வேலை செய்த மரப்பலகைத் தொழிற்சாலையின் போர்மன் கெவினின் பெயரைக் கொடுத்தார்.

கெவின் தங்கமான வெள்ளைக்காரன். ஒரேயொரு குறை, சனி ஞாயிறுகளில் மேற்கே தம்பியின் பண்ணைக்குப் போய்க் காட்டுப் பன்றி சுடுவதை இரண்டாவது தொழிலாகச் செய்கிற ஆள். அதற்கு உரிய அனுமதியெல்லாம் அவனிடம் பக்காவாக உண்டு. அண்ணை அவனுக்கு உயிர். அவன் ஒருமுறை புதிதாக ஒரு செமி ஓட்டோமெட்டிக் வாங்க யோசித்து, தேத்தண்ணி இடைவேளையில் அண்ணையிடம் ஆலோசனை கேட்டிருக்கிறான். அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "பழசு வாங்கு, சரியான பாரம், தூக்க நீ களைச்சுப் போவாய்," என்று சொல்லியிருக்கிறார். "மேட், எனக்குக் களைக்க விருப்பமில்லையே," என்றானாம் கெவின். "நீ களைச்சால் பன்றி ஓடிவிடும்," என்றாராம் அண்ணை, மிகுந்த மகிழ்ச்சியோடு. தான் வாழ்நாளில் கேட்ட ஆகச் சிறந்த பகிடி அதுதான் என்று கெவின் தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

ஒருநாள் பின்னேரம் அண்ணை வேலையால் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தம்பி, விசாக் கந்தோரிலயிருந்து கெவினுக்குப் போன் எடுத்து என்னைப் பற்றிக் கேட்டவையாம். அவன் சரியான நல்லாச் சொல்லியிருக்கிறான்."

"என்ன சொன்னவனாம்?"

"நான் நல்ல உழைப்பாளி, பொய் சொல்லமாட்டன், நேரத்துக்கு வருவன், செமி ஓட்டோமெட்டிக்கைப் பற்றி இந்த நாட்டில என்னை மாதிரித் தெரிஞ்ச ஆளை தான் காணேல்லை எண்டு."

என் கையிலிருந்த அகப்பை சோற்றுப் பானைக்குள் விழுந்தது. சேகர், "போச்சு!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டான். அந்த வெள்ளைக்காரன் மனதார, வாயார, நெஞ்சில் கைவைத்துச் சொன்ன நன்மை அது! பன்றி சுடுகிறவன் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு என்ன வரும்? ஆனால் வன்னிப் போருக்குள்ளால் தப்பி வள்ளத்தில் வந்த ஒரு தமிழனைப் பற்றிச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அண்ணைக்கு எதுவும் விளங்கவில்லை. "ஏன் தம்பிமார், நல்லாத்தானே சொல்லியிருக்கிறான்?" என்றார்.

நான் விளங்கப்படுத்தினேன். அவர் மெல்லக் கதிரையில் இருந்தார். "அப்ப பிள்ளையைக் கூப்பிடேலாதோ?" என்று மட்டும் கேட்டார்.

சில வாரத்தில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். நான் லீவு போட்டேன். அதற்கு முன் வீட்டில் ஒத்திகை. சேகர் தோசைக்கடை ஏப்ரனைக் கழற்றிவிட்டு என் கோட்டைப் போட்டுக்கொண்டு அதிகாரியானான்.

"மிஸ்டர் எஸ்.எல்.ஆர்., ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"துவக்கு பாப்பன்."

"ஐயோ அண்ணே! தோட்டம்னு சொல்லுங்கண்ணே!"

"நான் தோட்டம் செய்யிறேல்லையே. சத்தியம் செய்துபோட்டுப் பொய் சொல்லுறதோ?"

சேகர் கோபத்தில் போய் ஒரு சட்டியில் புதினாத் தண்டு நட்டு அவர் முன்னால் வைத்தான். "இதுக்கு தண்ணி ஊத்துங்க. இப்ப தோட்டம் பண்றீங்க. போதுமா?"

அண்ணை பயபக்தியோடு தண்ணீர் ஊற்றினார். மறுபடி கேட்டோம். "தோட்டம் செய்யிறன்," என்றார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒரு சட்டி புதினா. மிச்ச நேரம் துவக்கு பாப்பன்," என்று முடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் புதினாச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். சேகர் பிடித்துக்கொண்டான்.

நேர்முக அறையில் ஒரு பெண் அதிகாரி. அமைதியான முகம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில், ஸ்பீக்கரில். பெயர், ஊர், வந்த பாதை எல்லாம் கேட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. உங்களுக்கு நற்சாட்சி சொன்னவர், உங்களுக்கு செமி ஓட்டோமெட்டிக் துவக்குகளைப் பற்றி மிக நன்றாகத் தெரியும் என்கிறார். எப்படித் தெரியும்? எங்கே பழகினீர்கள்?

மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அம்மா, நான் ஒருநாளும் துவக்குத் தொட்டதில்லை. நான் மற்றப் பக்கம் நிண்டனான்."

அதிகாரிக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"துவக்குக்கு ரெண்டு பக்கம் இருக்கெல்லோ. பிடிக்கிற பக்கம், படுகிற பக்கம். புத்தகத்தில எல்லாரும் பிடிக்கிற பக்கத்திலயிருந்துதான் எழுதுறாங்கள். நான் படுகிற பக்கத்திலயிருந்து பாக்கிறன்.

"நான் பொடியனா இருக்கேக்கை எஸ்.எல்.ஆர். ஒரு வெடி வைச்சால் சுட்டவனுக்குத் தோள் நோகும், துவக்கு மேல எழும்பும், அவன் திருப்பிக் குறி பாக்கவேணும். அதுக்குள்ள ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளிக்குள்ள நான் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு குசினியிலயிருந்து பங்கர் குழிக்கு ஓடினனான். பாரம் இல்லாத துவக்கெண்டால் ஓடியிருக்கேலாது.

"பேந்து கலியாணம் கட்டி, மகள் பிறந்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடின காலத்தில எல்லாம் புதுசு. தோளில இடிக்காது. விரல் தட்டுற வேகத்தில வரும். இடைவெளியே இல்லை. ஆர் சுட்டதெண்டு கேக்காதையுங்கோ, ஒரே புகை. மதில் ஒண்டுக்குப் பின்னால பிள்ளையோட இருக்கிறன். அங்கால ஒருத்தன் சுட்டுக்கொண்டே வாறான். திடீரெண்டு நிண்டுபோச்சு. இழுக்கிறான், தட்டுறான், வேலை செய்யேல்லை. மண் போய் இறுகிட்டுது. நான் எழும்பி ஓடிட்டன். அதாலதான் என்ர பிள்ளை இருக்கிறாள். அதுதான் அம்மா, நான் இறுகிற துவக்குக்குப் புள்ளி கூடப் போடுறது."

தொலைபேசியில் சத்தம் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் இருக்கிறாரா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறேன், ஒரு நிமிஷம் தாருங்கள் என்றார் அவர். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டைகூட இருக்கவில்லை. இவ்வளவு காலம் ஒரே குசினியில் தேங்காய் திருவியிருக்கிறேன், இந்த மனிதர் ஒரு நாளாவது வாய் திறந்தாரா?

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். விசாரணைக்கு வெளியே, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றார். "அப்படியென்றால் எந்தத் துவக்குக்குப் பத்துக்குப் பத்து போட்டீர்கள்?"

"எஸ்.எல்.ஆருக்கும் ஒன்பதுதான் அம்மா. பத்து ஒண்டுக்குத்தான் போட்டனான். பங்கரால ஏறி வரேக்கை வெள்ளவாய்க்காலுக்குள்ள ஒண்டு கிடந்தது. ஆருடையதெண்டு தெரியாது. குழாய், விசை எல்லாம் துருப்பிடிச்சு ஒட்டிப்போய், அதுக்குள்ள எறும்பு கூடு கட்டியிருந்தது. அது அருமையான துவக்கு."

வெளியே வந்ததும், "தம்பி, தோட்டத்தைப் பற்றி அவை கேக்கவே இல்லையே," என்று கவலைப்பட்டார். நான் நடுத்தெருவில் வைத்து அவரைத் திட்டினேன். திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்தேன்.

விசா கிடைத்தது. அதற்குப் பிறகும் மனைவி, மகளின் விண்ணப்பம் இழுபட்டு, மகளின் வயது எல்லையைத் தொடுகிற நேரத்தில் அவர்களுக்கும் கிடைத்தது. குவேக்கர்ஸ் ஹில்லில் அண்ணை ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்தார். விமான நிலையத்துக்கு என்னுடைய காரில்தான் போனோம். நேரத்தோடு போனால் போதும் என்றால், விமானம் அங்கே எழும்புகிறபோதே போய் நிற்கவேண்டும் என்று அடம்பிடித்தார். தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி வருகிறவர்களின் இடுப்பு உயரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன்: "அண்ணை, மேல பாருங்கோ. பிள்ளை வளந்திருப்பாள்."

வசந்தி அக்கா தள்ளுவண்டியோடு வந்தார். பக்கத்தில் தகப்பனைவிட அரை அடி உயரமாக ஒரு பெண். "அப்பா," என்றாள். அண்ணை தடுப்புக் கம்பியை விட்டார். நேரே போய், இரண்டு கையாலும் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொருமுறை முயன்றார். அவளுடைய செருப்பின் குதி மட்டும் கொஞ்சம் எழும்பியது.

"விடுங்கோ அப்பா, எல்லாரும் பாக்கினம்," என்று அவள் சிரித்தாள், அழுதாள்.

"அப்ப ஓடேக்கை இவளுக்குப் பாரமே இல்லைத் தம்பி," என்று அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். மூச்சு வாங்கியது. "சாப்பாடில்லாத பிள்ளை. ஒரு கையில கொண்டு ஓடினனான். இப்ப பாருங்கோ, ரெண்டு கையாலயும் தூக்கேலாமல் கிடக்கு."

வசந்தி அக்கா அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்த தள்ளுவண்டிகள் சுற்றிப் போயின. சிட்னி விமான நிலையத்தில் கார் நிறுத்துகிற கட்டணத்தைக் கேட்டால் பெற்ற தாயைக்கூட வாசலிலேயே இறக்கிவிட்டு ஓடிவிடத் தோன்றும். நான் அப்படிப்பட்டவன்தான். அன்றைக்குக் கை மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "எவ்வளவு நேரமெண்டாலும் நில்லுங்கோ அண்ணை," என்றேன்.